ஷெல்: கட்டளையும் ஆர்குமென்ட்டும்

புரோகிராமின் பெயரைத் தட்டச்சு செய்து, அதன் பின்னாலேயே கோப்பின் பெயரையோ விருப்பக் குறிகளையோ கொடுத்து இயக்குவது கட்டளை வரி முறை. பெயருக்குப் பின்னால் வருபவை ஆர்குமென்ட்கள். அந்த வரியை வாங்கிப் பிரித்து புரோகிராமிடம் ஒப்படைப்பது ஷெல்.

எம்.ஐ.டி.யின் சி.டி.எஸ்.எஸ். அமைப்புக்காக 1963-64 வாக்கில் லூயி பூசான் எழுதிய ‘ரன்காம்’, கோப்பில் எழுதிவைத்த கட்டளைகளை ஆர்குமென்ட்களை இட்டு நிரப்பி வரிசையாக இயக்கியது. ஷெல் என்ற பெயரும் அவர் இட்டதே. யூனிக்ஸில் கென் தாம்சனின் ஷெல் 1971இலும், ஸ்டீபன் போர்னுடையது 1979இலும், குனூ திட்டத்துக்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் 1989இலும் வந்தன.

ஷெல் பெரும்பாலும் இடைவெளியைப் பார்த்தே வரியை வெட்டுகிறது. ‘புதுக்கோட்டை கணக்கு’ என்ற கோப்பை அழிக்கச் சொன்னால், மேற்கோள் குறி இல்லாதவரை இரண்டு கோப்புகளைத் தேடும். அப்பெயர்களில் வேறு கோப்புகள் இருந்துவிட்டால் அவை போய்விடும்! யூனிக்ஸில் ஷெல் ஒருமுறை பிரித்துவிட்டால் போதும். ஆர்குமென்ட்கள் தனித்தனியாகவே புரோகிராமைச் சேரும். விண்டோஸில் முழு வரியும் ஒரே சரமாகப் போகிறது, அதைப் பிரிப்பது புரோகிராமின் பாடு. 2006இல் வெளியான பவர்ஷெல் இந்த இடத்தில்தான் தடுமாறியது. ஆர்குமென்ட்டுக்குள் இருந்த இரட்டை மேற்கோள் குறிகள் வழியில் காணாமல்போயின. 2012இன் 3.0 பதிப்பு, மீதி வரியைத் தொடாமல் விடச்சொல்லும் தனிக் குறி ஒன்றைத் தந்தது, அது ஒட்டுதான். சரியான முறை இயல்பாகவே அமைந்தது 2022இன் 7.3 பதிப்பில்.

தமிழ்ப் பெயர்களை ஷெல் ஏற்பதற்குக் காரணம், 1992இல் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யு.டி.எஃப்-8 குறியாக்கம். ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். அவற்றில் எதுவும் இடைவெளியின் பைட்டாகவோ சாய்கோட்டின் பைட்டாகவோ அமையாது. எனவே பைட்களை அப்படியே விடும் ஷெல், தமிழே தெரியாவிட்டாலும் பெயரைச் சிதைக்காமல் கடத்திவிடும்.

சிக்கல் ‘கோ’வில் இருக்கிறது. யூனிகோடில் அதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். முதல் வகையில் ‘புதுக்கோட்டை’ 36 பைட், இரண்டாவதில் 39. திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸில் வழக்கமாக இவை இரண்டு வேறு கோப்புகள். பழைய மேக் கோப்பு முறைமையோ பெயரைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து நகலெடுத்த கோப்பை லினக்ஸில் தட்டச்சு செய்து கூப்பிட்டால், அப்படியொரு கோப்பு இல்லை என்றே பதில் வரக்கூடும். ‘பு’ மட்டும் அடித்து டேப் விசையை அழுத்தினால், சேமித்துள்ள பைட்களையே ஷெல் எடுத்து நிரப்பிக்கொள்ளும்.