கொலோஸ்டமி: வகைகளும் காரணங்களும்

பெருங்குடலின் ஒரு பகுதியை வயிற்றுச் சுவர் வழியே வெளியே கொண்டுவந்து, மலம் அதன் வழியாக ஒரு பையில் சேரும்படி செய்யும் அறுவை சிகிச்சையே கொலோஸ்டமி. அந்தத் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர்.

ஏன் செய்கிறார்கள்?
மலக்குடல் புற்றுநோய், குடல் அடைப்பு, குடலில் ஓட்டை, விபத்துக் காயம் ஆகியவை முக்கியக் காரணங்கள். ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும் செய்வார்கள். பிரான்சில் 1793-ல் டியூரே என்ற மருத்துவர் அத்தகைய ஒரு குழந்தையை இம்முறையில்தான் காப்பாற்றினார்.

வகைகள்
1. வளைய கொலோஸ்டமி: குடலை வளையமாக வெளியே இழுத்துத் திறப்பது. பெரும்பாலும் தற்காலிகமானது. கீழ்க்குடல் ஆறிய பின் மூடிவிடுவார்கள்.
2. முனை கொலோஸ்டமி: குடலை வெட்டி, மேல் முனையை வெளியே தைப்பது. மலக்குடலும் ஆசனவாயும் அகற்றப்பட்டால் இது நிரந்தரம். 1921-ல் ஆர்ட்மன் விவரித்த முறையில் மலக்குடலின் கீழ்ப்பகுதி உள்ளேயே மூடி விடப்படுவதால், பிறகு இணைக்க வாய்ப்பு உண்டு.
3. இரட்டைக் குழல்: இரு முனைகளும் தனித்தனியே வெளியே இருக்கும்.

குடலின் இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் திறந்தால் மலம் ஏறக்குறைய கெட்டியாக வரும். குறுக்குக் குடலில் திறந்தால் இளகி வரும்.

பராமரிப்பு
ஸ்டோமா சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும், தொட்டால் வலிக்காது. கறுத்தாலோ, மலமும் வாயுவும் நின்று வயிறு உப்பினாலோ உடனே மருத்துவமனை செல்லுங்கள். பை பாதி நிறைவதற்குள் காலி செய்யுங்கள்.

எங்கே போவது?
சுந்தரபாண்டியபுரம் போன்ற சுற்றுவட்டார ஊர்களில் உள்ளவர்கள் முதலில் தென்காசி அரசு தலைமை மருத்துவமனையை அணுகலாம். பெரிய சிகிச்சைக்குப் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டு செல்லுங்கள். பைக்கான செலவையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழுகை
"பையோடு எப்படித் தொழுவது?" என்ற கவலையால் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். தடுக்க முடியாத கசிவு உள்ளவர் வக்து வந்தபின் உளூச் செய்து தொழலாம் என்ற சலுகை ஃபிக்ஹில் உண்டு. விவரத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நோன்பு பற்றி மருத்துவரிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

வெட்கத்தால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் புற்றுநோய் வளர இடம் கொடுக்கும். வீட்டில் ஒருவருக்கு இந்தச் சிகிச்சை தேவையென்றால், முகம் சுளிக்காமல் துணை நிற்பதே குடும்பத்தார் செய்யும் முதல் உதவி.