காமாலையிலிருந்து நொதி அளவீடு வரை: தொழில்சார் கல்லீரல் பாதிப்பை அறிந்த வரலாறு

முன்னுரை

2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு மேற்கொண்ட வடக்குப்பட்டின் சுற்றுப்புறத்தில் இன்று ஒரகடம் தொழிற்பகுதி விரிந்துள்ளது. வாகன உற்பத்தியில் வண்ணப்பூச்சுக்கும் உலோகத் துப்புரவுக்கும் கரைப்பான்கள் பயன்படுகின்றன. கரைப்பான்களுள் சில கல்லீரலைத் தாக்க வல்லவை. அத்தகைய பாதிப்பைச் சட்டமும் மருத்துவமும் எவ்வடையாளங்களால் அறிந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்ணில் தெரிந்த அடையாளம்

முதல் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியாவில், விமான இறக்கைப் பூச்சில் கலந்த டெட்ராகுளோரோஈத்தேனாலும் டிஎன்டி வெடிமருந்தாலும் தொழிலாளர் காமாலையுற்று இறந்தனர். 1916இல் நச்சுக் காமாலை அங்கு அறிவிக்கத்தக்க நோயாயிற்று. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் அந்நோய் இடம்பெற்றது. ஆயினும், காமாலை தோன்றும்போது கல்லீரல் பெரும்பாலும் கடும் பாதிப்பை அடைந்திருக்கும்.

குருதியில் தெரிந்த அடையாளம்

1950களின் நடுவில் லடூ, ரோப்லெவ்ஸ்கி, கார்மன் ஆகியோர் குருதியில் டிரான்சாமினேஸ் நொதிகளை அளக்கும் முறையை வெளியிட்டனர். கல்லீரல் செல்கள் சிதையும்போது ஏஎல்டி, ஏஎஸ்டி நொதிகள் குருதியில் கசிகின்றன. எனவே காமாலைக்கு முன்பே பாதிப்பை அறிய வழி பிறந்தது. கல்லீரலுக்குள் வேதிப்பொருள்களை மாற்றும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் வேறு வகையின. அவற்றுள் சிஒய்பி2இ1 நொதியை மது தூண்டுவதால், மது அருந்துவோரிடம் கார்பன் டெட்ராகுளோரைடின் நச்சு மிகுகிறது.

நொதி அளவீடும் முழுமையான சான்றன்று. 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரப் பிவிசி ஆலைத் தொழிலாளரிடம் வினைல் குளோரைடால் விளைந்த அரிய கல்லீரல் புற்றுநோய் வெளிச்சத்துக்கு வந்தது. வழக்கமான நொதிச் சோதனைகள் இவ்வகைப் பாதிப்பைத் தவறவிடக்கூடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

சட்டத்தின் மாற்றம்

1984ஆம் ஆண்டுப் போபால் பேரழிவுக்குப்பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41சி பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயகரமான பணிகளில் அமர்த்துமுன்னும், பணிக்காலத்தில் 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை நடத்துவதையும், உடல்நலப் பதிவேடு பேணுவதையும் அது கடமையாக்கியது. நோய் தோன்றியபின் அறிவித்தல் என்ற நிலையிலிருந்து, தோன்றுமுன் கண்காணித்தல் என்ற நிலைக்குச் சட்டம் நகர்ந்தது.

முடிவுரை

கொழுப்புக் கல்லீரல், மது, காசநோய் மருந்துகள் ஆகியவையும் நொதியளவை உயர்த்தும். ஆகவே, தனித்த ஓர் அளவு காரணத்தைச் சுட்டாது. அதே தொழிலாளியின் முந்தைய அளவோடு ஒப்பிடும்போதே அது பொருள்பெறும். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ஆலை மாறும்போது பதிவேடு அவருடன் செல்லாவிடில், அந்த ஒப்பீடு அறுந்துபோகும். பாதிப்பு எந்த ஆலையில் தொடங்கியது என நிறுவும் சான்றும் அவரிடம் இராது. பரிசோதனையைப் போலவே அதன் பதிவைத் தொழிலாளியின் கையில் சேர்ப்பதும் இன்றியமையாதது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.