எல்லோஸ்டோனில் ஒரு திருமண நாள், 1877

எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் மேடிசனிலிருந்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல் போகும் சாலை ஒரு சின்ன ஓடையைத் தாண்டும். பெயர் நெஸ் பெர்ஸ் க்ரீக். வெந்நீர் ஊற்று பார்க்கப் போகிற அவசரத்தில் பெரும்பாலானவங்க அங்கே வண்டியை நிறுத்துறதில்லை. 1877 ஆகஸ்ட் 24 காலையில் இந்த ஓடைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த ஒரு தம்பதி, போர்வீரர்கள் கையில் சிக்கினார்கள். அன்று அவர்களுடைய இரண்டாவது திருமண நாள்.

ஜார்ஜ் கோவன் மொன்டானாவில் ராடர்ஸ்பர்க் என்ற சிற்றூரில் வக்கீல். மனைவி எம்மா. சின்ன வயசிலேயே ஒரு கிழவர் சொன்ன எல்லோஸ்டோன் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்; 1873-ல் பெற்றோருடன் ஒரு முறை போயும் வந்திருந்தார். இந்தத் தடவை அவருடைய அண்ணன் ஃப்ராங்க் கார்பென்டர், பன்னிரண்டு பதின்மூன்று வயசுத் தங்கை ஐடா, ஊர் நண்பர்கள் என்று மொத்தம் ஒன்பது பேர். ஒரு குதிரை வண்டி, ஒரு சாமான் வண்டி, சவாரிக் குதிரைகள். பூங்கா அறிவிக்கப்பட்டு ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஒழுங்கான சாலை கிடையாது, விடுதின்னு சொல்ற மாதிரி ஒன்றும் கிடையாது. கண்காணிப்பாளராக இருந்த நாரிஸுக்கு அரசாங்கம் அந்த வருஷம் சம்பளம்கூடக் கொடுக்கவில்லை.

இவர்கள் அங்கே என்ன செய்தார்கள்? ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வாய்க்குள் அழுக்குத் துணியைப் போட்டு, அது பீய்ச்சியடிக்கும்போது வெளுத்து வெளியே வருவதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு கல், மரக்கட்டை எல்லாம் கொட்டி அதை அடைக்கப் பார்த்தார்கள். அது அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டது. ஃப்ராங்க் 1878-ல் போட்ட புத்தகத்தில் இதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அப்படிச் செய்தால் நேரே நீதிமன்றம்தான்!

இந்தியர்களோடு சண்டை நடக்கிறது என்ற செய்தி அவர்கள் காதிலும் விழுந்திருந்தது. ஆனால் பூங்கா பத்திரமான இடம் என்று ஒரு நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. வெந்நீர் ஊற்றுகளைப் பேய் என்று நினைத்து இந்தியர்கள் பயப்படுவார்கள், அந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்று பேச்சு. இதைப் பரப்பியவர்களில் நாரிஸும் ஒருவர். அதே ஆகஸ்டில் அமெரிக்க ராணுவத்தின் தலைமைத் தளபதி வில்லியம் ஷெர்மனே அங்கே சுற்றுலா வந்துபோனார். தளபதியே ஊர் சுற்றும் இடத்தில் நமக்கென்ன பயம் என்றுதானே எவருக்கும் தோன்றும்?

எனக்கு இந்தப் பேய்க்கதைமேல் தனிக் கோபம் உண்டு. பூங்காவில் இருக்கும் அப்சிடியன் பாறையிலிருந்து பழங்குடிகள் பதினோராயிரம் வருஷமாக எரிமலைக் கண்ணாடியை வெட்டி எடுத்துக் கத்தியும் அம்புமுனையும் செய்திருக்கிறார்கள். ஷோஷோனி இனத்தின் ஒரு பிரிவினர், காட்டுச் செம்மறிகளை வேட்டையாடுபவர்கள், அந்த மலைகளிலேயே வாழ்ந்தார்கள். காட்டெருமை வேட்டைக்குப் போக மலையைக் கடக்கும் பாதைகள் நெஸ் பெர்ஸ்களுக்குத் தலைமுறைகளாகப் பழக்கம். 'ஆளில்லாத காடு' என்ற கதை சுற்றுலாவுக்கும் தோது, நில உரிமைக் கணக்குக்கும் தோது.

சரி, நெஸ் பெர்ஸ்கள் அந்த ஆகஸ்டில் ஏன் அங்கே வந்தார்கள்?

1855 ஒப்பந்தத்தில் அவர்களுக்கென்று ஒதுக்கியது சுமார் 75 லட்சம் ஏக்கர். 1860-ல் அங்கே தங்கம் கிடைத்தது. 1863-ல் ஒரு புது ஒப்பந்தம்; நிலம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஆரிகனில் வல்லோவா பள்ளத்தாக்கிலிருந்த ஜோசப்பின் கூட்டம் உட்படப் பல கூட்டங்கள் அதில் கையெழுத்தே போடவில்லை. ஆனாலும் 1877 மே மாதம் ஜெனரல் ஹோவர்ட் முப்பது நாள் கெடு கொடுத்தார். கொதித்துப்போன சில இளைஞர்கள் ஜூனில் குடியேறிகளைக் கொன்றார்கள், போர் தொடங்கியது. பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று மொத்தக் குடும்பங்களுமாக மலைகளைத் தாண்டி ஓடினார்கள். ஆகஸ்ட் 9 விடியற்காலையில், பிக் ஹோல் என்ற இடத்தில் தூங்கிக்கொண்டிருந்த முகாமைக் கர்னல் கிப்பனின் படை தாக்கியது. இறந்தவர்களில் பெரும்பகுதி பெண்களும் குழந்தைகளும். அதற்குப் பிறகு பதினாலு நாள் கழித்து எழுநூறு எண்ணூறு பேரும் சுமார் 2,000 குதிரைகளும் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். மறுநாள் காலையில் கோவன் கூடாரம் அவர்கள் கண்ணில் பட்டது.

முதலில் வந்தது யெல்லோ வுல்ஃப் என்ற இளைஞரும் சில கூட்டாளிகளும். கூடாரத்திலிருந்த ஆர்னால்ட் என்பவர் மாவும் சர்க்கரையும் எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். கோவன் குறுக்கே வந்து தடுத்துவிட்டார். அது எரிச்சலைக் கிளப்பியது. எல்லோரையும் ஓடையோரமாக மேலே நடத்திக்கொண்டு போனார்கள். விழுந்த மரங்கள் வழியை அடைத்ததால் வண்டிகளை விட்டுவிட வேண்டியதாயிற்று. சக்கரத்தின் ஆரக்கால்களை உடைத்துச் சாட்டைப்பிடி செய்துகொண்டார்கள் என்று எம்மா எழுதுகிறார். போக்கர் ஜோ என்ற தலைவர் சமரசம் பேசி, நல்ல குதிரைகளை எடுத்துக்கொண்டு களைத்த குதிரைகளைக் கொடுத்து, போகச் சொல்லிவிட்டார்.

ஆனால் பிக் ஹோலில் சொந்தங்களைப் பறிகொடுத்த சில வாலிபர்கள் பின்னாலேயே வந்தார்கள். ஜார்ஜுக்குத் தொடையில் குண்டு. கீழே விழுந்தவரை எம்மா கட்டிக்கொண்டு மறைத்தார். அவரைப் பிடித்து இழுத்துவிட்டு ஒருவர் ஜார்ஜின் தலையில் சுட்டார்.

எம்மா, ஃப்ராங்க், ஐடா மூவரும் மறுபடியும் முகாமுக்கு. அந்த ராத்திரி எம்மா ஜோசப்பின் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் தன் குழந்தையை எம்மாவின் மடியில் வைத்தாராம். அதுவரை இறுகிப்போய் உட்கார்ந்திருந்த ஜோசப்பின் முகத்தில் அப்போது ஒரு மெல்லிய சிரிப்பு. எம்மா ஏன் அழுகிறார் என்று அந்தப் பெண் விசாரித்தார். புருஷன் செத்துப்போனதைச் சொன்னதும் அவருக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. மறுநாள் போக்கர் ஜோ மூவரையும் எல்லோஸ்டோன் ஆற்றைக் கடக்க வைத்து, இரண்டு குதிரை, கொஞ்சம் ரொட்டி, தீக்குச்சி, போர்வை கொடுத்து, ராப்பகலாக நிற்காமல் போகச் சொல்லி அனுப்பினார்.

ஜார்ஜ் சாகவில்லை! தலையில் பட்ட குண்டு மண்டையோட்டில் தட்டையாகி நின்றுவிட்டது. நினைவு வந்து எழுந்து நின்றவரை இன்னொருவர் பார்த்து இடுப்பில் சுட்டார். அதற்கப்புறம் தவழ்ந்தார். நாலைந்து நாள், பத்து மைலுக்குக் குறையாது. வழியில் அவருடைய நாய் காத்திருந்தது. பழைய முகாமில் சிந்திக் கிடந்த காப்பிக்கொட்டையைப் பொறுக்கிக் காப்பி போட்டுக் குடித்தார். கடைசியில் ஹோவர்டின் சாரணர்கள் கண்டுபிடித்து, சாப்பாடு கொடுத்து, நெருப்பு மூட்டிவிட்டுப் போனார்கள்; அவர் தூங்கும்போது அந்தத் தீ மக்கிய தரைவழியாகப் பரவி அவரையும் சுட்டுவிட்டது. ராணுவ மருத்துவர் எடுத்த குண்டை ஜார்ஜ் பிற்பாடு கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டார். மனுஷன் வேறு ரகம்.

இந்தச் சம்பவத்துக்கு உள்ளே இருந்தவர்கள் சொன்ன மூன்று பதிவுகள் இருக்கின்றன. ஃப்ராங்க் 1878-ல் எழுதியது சாகசக் கதைத் தொனி. எம்மா எழுதியது 1903-ல், மொன்டானா வரலாற்றுச் சங்கத்தின் தொகுப்பில். மூன்றாவது, யெல்லோ வுல்ஃப் முதுமையில் மெக்வோர்ட்டர் என்ற ஆய்வாளரிடம் சொல்லி, அவர் இறந்தபின் 1940-ல் வெளிவந்தது. யெல்லோ வுல்ஃப் சொல்வது எளிமையானது: அந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர் கை கொடுத்தார், கை குலுக்கிய பிறகு கொல்ல மனசு வரவில்லை. தேதிகளையும் தூரங்களையும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் அடுக்கிப் பார்த்தால் இந்த மூன்றும் அங்கங்கே முட்டிக்கொள்ளும். ஆனால் தலைவர்கள் விடச் சொன்னார்கள், பின்தொடர்ந்து சுட்டது வேறு ஆட்கள் என்பதில் முட்டல் இல்லை. எம்மா இன்னும் ஒரு படி மேலே போகிறார். அந்தப் போர் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு, எங்களில் ஒருவரையாவது உயிரோடு விட்டார்களே என்பதுதான் ஆச்சரியம் என்கிறார். அந்த இரக்கம் கிறிஸ்தவர்களும் பின்பற்றத் தக்கது என்றும் சேர்க்கிறார். கண்ணெதிரே கணவன் தலையில் சுடப்பட்ட பெண் எழுதியது இது. மூன்று பதிவுகளில் நான் அதிகம் நம்புவது இவருடையதைத்தான்.

பூங்காவுக்குள் எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ஹெலினாவிலிருந்து வந்த இன்னொரு குழுவில் கென்க், டீட்ரிச் என்ற இருவர் கொல்லப்பட்டார்கள்.

நெஸ் பெர்ஸ்கள் கனடாவுக்கு நாற்பது மைல் இருக்கும்போது பேர் பா என்ற இடத்தில் சுற்றி வளைக்கப்பட்டார்கள். அக்டோபர் 5 அன்று ஜோசப் சரணடைந்தார். ஐடஹோவுக்கே திருப்பி அனுப்புவதாகக் கர்னல் மைல்ஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கைச் செல்லாததாக்கியவர், இரண்டு மாசம் முன்னால் எல்லோஸ்டோனில் விடுமுறையில் இருந்த அதே ஷெர்மன். கான்சஸுக்கும் பிறகு ஓக்லஹோமாவுக்கும் அனுப்பப்பட்டதில் காய்ச்சலில் பலர் செத்தார்கள். மிஞ்சியவர்களை 1885-ல்தான் வடமேற்குக்குத் திரும்ப விட்டார்கள். ஜோசப்பை அப்போதும் வல்லோவாவுக்கு விடவில்லை, வாஷிங்டனில் கோல்வில் ஒதுக்கிடத்துக்கு அனுப்பினார்கள்.

1901-ல் ஜார்ஜும் எம்மாவும் மறுபடி எல்லோஸ்டோன் போனார்கள். கூடாரம் இருந்த இடம், சுடப்பட்ட இடம் எல்லாவற்றையும் தேடி அடையாளம் காட்டினார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் ஜோசப் வல்லோவாவுக்குப் போய், தன் அப்பா புதைந்திருக்கும் பள்ளத்தாக்கில் ஒரு துண்டு நிலம் விலைக்குக் கேட்டார். யாரும் தரவில்லை. 1904-ல் கோல்வில்லிலேயே இறந்தார்.