கரிசல் நிலத்து ரயில் பாதையும் பொதுப்பெட்டிப் பயணிகளும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வடமேற்குப் பகுதியில், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட ரயில் பாதையில் அமைந்த நகரம் கோவில்பட்டி. நூற்பாலை, தீப்பெட்டித் தொழில், கடலைமிட்டாய் ஆகியவற்றால் அறியப்படும் இவ்வூரைச் சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி பரந்து கிடக்கிறது. 1876ஆம் ஆண்டிலிருந்தே ரயில் வசதி பெற்ற பகுதி இது. ஆயினும் வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் அன்றாடம் சென்று திரும்பும் உள்ளூர்ப் பயணிக்கு, அவரது நேரத்துக்கு ஏற்ற வண்டியும் உட்கார இடமும் கிடைப்பது இன்றும் அரிதாகவே உள்ளது.

இந்த நெரிசலுக்கு வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. இப்பாதை எந்தத் தேவைக்காகப் போடப்பட்டது, அதில் எந்த வண்டிக்கு முதலிடம் தரப்பட்டது என்பதும் முக்கியமான காரணம். 150 ஆண்டுகளில் நிர்வாகம், தண்டவாளத்தின் அகலம், இழுக்கும் எஞ்சின் எல்லாம் மாறிவிட்டன. உள்ளூர்ப் பயணியின் இடம் பெரிதாக மாறவில்லை.

பருத்திக்கும் துறைமுகத்துக்கும் போடப்பட்ட பாதை

கரிசல் மண் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். அதனால் குறைந்த மழையிலும் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய் முதலியவை இங்கு விளைகின்றன. இவற்றுள் பருத்தியே ஆங்கிலேயரின் கவனத்தை ஈர்த்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பஞ்சு வரத்து குறைந்தபோது, இந்தியப் பருத்தியின் விலை உயர்ந்தது. திருநெல்வேலிச் சீமையின் பருத்தி மாட்டு வண்டிகளில் தூத்துக்குடிக்குச் சென்று அங்கிருந்து கப்பலேறியது.

கிரேட் சதர்ன், கர்நாடிக் ஆகிய இரு ரயில்வே கம்பெனிகள் 1874இல் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவானது. அதன் மீட்டர் கேஜ் பாதை 1876இல் மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி வழியாகத் தூத்துக்குடியை எட்டியது. மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கிளை பிரிந்தது. இன்று பெருந்தடமாக இருக்கும் திருநெல்வேலிப் பாதை அன்று கிளையாகவும், துறைமுகத்துக்குச் செல்லும் பாதை தலைமைத் தடமாகவும் இருந்ததிலிருந்தே இதன் நோக்கம் விளங்கும்.

பாதை போட்ட அதே 1876இல் சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பீடித்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தையொட்டியும் அதற்குப் பின்னரும், இலங்கையின் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களில் பலர் தூத்துக்குடி வழியாகவே கப்பலேறினர். அவர்களுக்கான முகாம் ஒன்று தூத்துக்குடிக்கு முந்தைய தட்டப்பாறையில் இயங்கியது. இவ்வாறு பருத்தியும் தபாலும் தோட்டத் தொழிலாளரும் துறைமுகத்துக்குப் போக இப்பாதை பயன்பட்டது. பக்கத்து ஊருக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் பயணி அப்போதைய திட்டத்தில் இல்லை.

போட் மெயிலும் மணியாச்சியும்

சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயிலிலும், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலிலும் பயணிகளைக் கொண்டு சேர்த்த சேவை போட் மெயில் எனப்பட்டது. மற்ற வண்டிகளின் நேரம் அதை அனுசரித்தே அமைந்தது. திருநெல்வேலியிலிருந்து வடக்கே போகிறவர்கள் மணியாச்சி வரை வந்து, தூத்துக்குடியிலிருந்து வரும் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.

1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் அப்படித்தான் மணியாச்சியில் முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார். அங்கேயே வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுக் கொன்று, தாமும் உயிர் துறந்தார். அந்த நிலையம் இப்போது வாஞ்சி மணியாச்சி என்று பெயர் பெற்றுள்ளது. விடுதலைப் போராட்ட வரலாற்றில் இடம்பெற்ற அந்நிகழ்ச்சியில் ரயில் வரலாற்றுக்கும் ஒரு செய்தி உண்டு. மாவட்டத்தின் கலெக்டரே இணைப்பு வண்டிக்காகக் காத்திருக்க வேண்டிய அமைப்பு அது. அவருக்குக் காத்திருக்க முதல் வகுப்புப் பெட்டி இருந்தது. மற்றவர்களுக்கு நடைமேடைதான்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் போட் மெயில் தனுஷ்கோடி வழியாகத் திரும்பியது. அதன்பின் தூத்துக்குடித் தடத்தின் முதன்மை குறைந்தது.

மூன்றாம் வகுப்பு

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய ரயில் பயணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மூன்றாம் வகுப்பில் சென்றனர். பயணிகள் வழியாக வந்த வருமானத்தில் பெரும்பங்கும் அவர்களிடமிருந்தே கிடைத்தது. வசதியோ மேல் வகுப்புகளுக்கே வாய்த்தது.

காந்தியடிகள் 1917இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, தாம் கண்டவற்றை எழுதி வெளியிட்டார். 22 பேருக்கான பெட்டியில் வழியின் பெரும்பகுதியிலும் 35 பேருக்குக் குறையாமல் அடைந்திருந்ததையும், சிலர் அழுக்குத் தரையில் படுத்ததையும், சிலர் நின்றுகொண்டே வந்ததையும் அவர் பதிவு செய்தார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் இருக்கலாம், ஆனால் மூன்றாம் வகுப்புப் பயணிக்கு முதல் வகுப்பு வசதியில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை என்பது அவர் வாதம். தென்னிந்திய ரயில்வேயின் பயணிகளுக்கும் இந்த நிலை புதிதன்று.

இரண்டாம் உலகப் போரின்போது நெரிசல் மேலும் கூடியது. எஞ்சின்களும் பெட்டிகளும் போர்ப் பணிக்குத் திருப்பப்பட்டன. மதுரை–போடி போன்ற கிளைப் பாதைகளில் தண்டவாளங்களே பெயர்த்தெடுக்கப்பட்டன. தேவையற்ற பயணத்தைத் தவிர்க்குமாறு அரசு விளம்பரம் செய்தது.

கரிசல் பகுதியின் அக்காலச் சிறு நிலையங்களை இலக்கியமும் பதிவு செய்துள்ளது. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் ‘குமாரபுரம் ஸ்டேஷன்’ என்னும் சிறுகதை, கோவில்பட்டிக்கு அடுத்துள்ள குமாரபுரம் நிலையத்தைக் களமாகக் கொண்டது. கிராமத்துப் பிள்ளைகள் மேல்படிப்புக்கு ரயிலேறிக் கோவில்பட்டிக்குப் போவது அக்கதையில் வருகிறது. சிறு நிலையத்தில் நிற்கும் பாசஞ்சர் வண்டி கரிசல் பிள்ளைகளுக்குக் கல்வியின் வாசலாகவும் இருந்தது என்பதற்கு அது சான்று.

ஒரே கம்பெனி, இருவேறு சேவை

அன்றாடப் பயணிக்கென்று தனி வண்டி விட முடியும் என்பது தென்னிந்திய ரயில்வேக்குத் தெரியாத செய்தியன்று. அதே கம்பெனி 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலை ஓட்டத் தொடங்கியது. அதுவும் மீட்டர் கேஜ் பாதைதான். அடிக்கடி வண்டி, ஒவ்வொரு நிலையத்திலும் நிறுத்தம், மாதாந்திரச் சீட்டு என்று அமைந்த அச்சேவையால் தாம்பரம் வரையிலான ஊர்கள் நகரத்தோடு இணைந்து வளர்ந்தன.

கரிசல் பகுதிக்கு அத்தகைய சேவை வரவில்லை. இங்கு மக்கள் அடர்த்தி குறைவு என்பது உண்மை. ஆனால் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி, தூத்துக்குடி என ஒரே தடத்தில் தொழில் நகரங்கள் வரிசையாக அமைந்திருப்பதும் உண்மை. அவற்றுக்கு இடையே அன்றாடம் நடக்கும் போக்குவரத்து பெரும்பாலும் பேருந்துக்கே விடப்பட்டது.

ஒற்றைப் பாதையும் கிராசிங்கும்

1944இல் தென்னிந்திய ரயில்வே அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. 1951 ஏப்ரல் 14 அன்று தெற்கு ரயில்வே உருவானது. 1974இல் மூன்றாம் வகுப்பு ஒழிக்கப்பட்டு, இரண்டாம் வகுப்பாயிற்று. 1990களில் மதுரை–தூத்துக்குடி மீட்டர் கேஜ் பாதை அகலப்பாதையாயிற்று. தொலைதூர எக்ஸ்பிரஸ் வண்டிகள் பெருகின. பாதை மட்டும் ஒற்றையாகவே நீடித்தது.

ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் செல்ல முடியும். எதிரே வண்டி வந்தால், இரண்டில் ஒன்று நிலையத்தின் பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். மக்கள் இதைக் கிராசிங் என்பர். எக்ஸ்பிரசுக்கு முன்னுரிமை உண்டு என்பதால் ஒதுங்குவது வழக்கமாகப் பாசஞ்சரே. ஒரு எக்ஸ்பிரஸ் தாமதமானால் அதற்காகக் காத்திருக்கும் பாசஞ்சரும் தாமதமாகும். கடம்பூரில் வண்டி நின்றால் போளி வாங்கித் தின்னலாம். ஆனால் பத்து மணி அலுவலகத்துக்குச் செல்பவருக்கும் தேர்வு எழுதப் போகும் மாணவருக்கும் அந்த நிறுத்தத்தால் ஒரு நாளே வீணாகக்கூடும். நேரத்தை நம்ப முடியாத வண்டியைவிட்டு மக்கள் பேருந்துக்கு மாறினர். ‘கூட்டமில்லை’ என்ற காரணம் பிறகு அந்த வண்டிக்கே எதிராக நின்றது.

கரிசல் மண்ணும் தன் பங்குக்குத் தொல்லை தந்தது. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும் இம்மண்ணின் மேல் போட்ட பாதை எளிதில் தாழும். சல்லியும் மண்ணுக்குள் புதையும். எனவே இங்கு பாதைப் பராமரிப்புக்குக் கூடுதல் உழைப்பும் செலவும் தேவைப்படும்.

மாவட்டம் மாறியது, வண்டி மாறவில்லை

1986 வரை கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகருக்கு நேரடியாக ரயிலில் சுமார் 65 கிலோமீட்டர். அவ்வாண்டு அக்டோபர் 20 அன்று தூத்துக்குடி தனி மாவட்டமானபோது, கலெக்டர் அலுவலகமும் பிற தலைமை அலுவலகங்களும் தூத்துக்குடிக்குச் சென்றன. ரயில் போக்குவரத்தோ மாறாமல் மதுரை–திருநெல்வேலித் தடத்தையே மையமாகக் கொண்டிருந்தது. கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்கு நேர்வண்டிகள் சிலவே. மற்ற நேரத்தில் வாஞ்சி மணியாச்சியில் இறங்கி மாற வேண்டும். கலெக்டர் ஆஷ் காத்திருந்த அதே சந்திப்பில், மனுக் கொடுக்கப் போகும் இன்றைய பயணியும் காத்திருக்க நேர்கிறது.

எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய ஊர்களுக்கு ரயிலே கிடையாது. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்குப் புதிய பாதை அமைக்கும் திட்டம் 2011–12 ரயில்வே வரவு செலவுத் திட்டக் காலத்தில் ஏற்கப்பட்டது. மொத்தம் சுமார் 143 கிலோமீட்டரில், மீளவிட்டான்–மேலமருதூர் இடையே 18 கிலோமீட்டர் அளவுக்குப் பாதை அமைக்கப்பட்டுள்ளது.

மாலை நேரத்துப் பொதுப்பெட்டி

இத்தடத்தின் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பெரும்பாலானவை சென்னையை மையமாகக் கொண்டவை. மாலையிலும் இரவிலும் தெற்கிலிருந்து புறப்பட்டு, காலையில் சென்னை சேரும். சென்னையில் மாலையில் கிளம்பியவை விடியலில் இங்கு வந்து சேரும். சென்னைப் பயணிக்கு இது வசதியான நேரம். கோவில்பட்டியின் அன்றாடப் பயணிக்கு இதன் விளைவு வேறு.

காலையில் தெற்கே செல்லும் வண்டிகளில் மதுரையிலும் விருதுநகரிலும் பலர் இறங்கிவிடுவதால், திருநெல்வேலி செல்வோருக்கு ஓரளவு இடம் கிடைக்கும். மாலையில் நிலைமை தலைகீழ். சென்னைக்குப் போகும் பொதுப்பெட்டிகள் புறப்படும் இடத்திலேயே நிரம்பிவிடுகின்றன. ஒரு மணி நேரப் பயணத்துக்காக ஏறும் மாணவரும் ஊழியரும், இரவெல்லாம் பயணம் செய்யப் போகிறவர்களோடு ஒரே பெட்டியில் நெருக்கியடிக்க வேண்டும். இருவர் தேவையும் நியாயமானதே. இருவரையும் ஒரே பெட்டியில் திணித்த கால அட்டவணையால்தான் சச்சரவு எழுகிறது. காலையில் வடக்கே மதுரைக்குச் செல்ல வேண்டியவருக்கோ, எக்ஸ்பிரஸ் வண்டிகளில் பெரும்பாலானவை எதிர்த்திசையில் வந்துகொண்டிருக்கும்.

மாதாந்திரச் சீட்டு 150 கிலோமீட்டர் தூரம் வரை வழங்கப்படுகிறது. அதை வைத்திருப்பவர் முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது. ஆகவே 20 பெட்டிகளுக்கு மேல் உள்ள வண்டியிலும் அவருக்கு முன்னும் பின்னும் இணைத்த சில பொதுப்பெட்டிகளே கதி. பழைய வகைப் பொதுப்பெட்டி ஒன்றில் இருக்கைகள் சுமார் 90. அதற்கு மேல் ஏறுவோர் நடைபாதையிலும் கழிப்பறை வாசலிலும் படிக்கட்டிலும் நிற்கின்றனர். படியில் தொங்கும் பயணம் உயிருக்கே ஆபத்தானது.

பாசஞ்சர் எக்ஸ்பிரஸ் ஆனது

2020இல் கொரோனா ஊரடங்கால் வண்டிகள் நின்றன. அவ்வாண்டிலேயே, 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பாசஞ்சர் வண்டிகளை எக்ஸ்பிரஸாக மாற்ற ரயில்வே வாரியம் முடிவெடுத்தது. கோவில்பட்டி வழியாக ஓடிய நாகர்கோவில்–கோயம்புத்தூர் பகல் நேரப் பாசஞ்சரும் அவ்வாறு எக்ஸ்பிரஸ் ஆயிற்று. ஊரடங்குக்குப் பின் திரும்பி வந்த சாதாரண வண்டிகளிலும் எக்ஸ்பிரஸ் கட்டணமே வாங்கப்பட்டது. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. 2024 பிப்ரவரியில்தான் சாதாரண வண்டிகளுக்குப் பழைய கட்டணம் திரும்பியது. அடுத்த நிலையத்துக்குப் போய் வர 20 ரூபாய் செலவிட்டவர் அதுவரை 60 ரூபாய் கொடுத்தார். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது சிறு தொகையன்று.

இரட்டைப் பாதைக்குப் பின்

2010களில் இத்தடம் மின்மயமானது. மதுரை–வாஞ்சி மணியாச்சி இடையே இரட்டைப் பாதைப் பணி 2023இல் மதுரை வரை நிறைவடைந்தது. வாஞ்சி மணியாச்சி–நாகர்கோவில் இரட்டைப் பாதை, சுமார் 1,477 கோடி ரூபாய்ச் செலவில் முடிந்து, 2024 பிப்ரவரி 28 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய சென்னை–நாகர்கோவில் வந்தே பாரத் கோவில்பட்டியில் நிற்கிறது. அம்ரித் பாரத் திட்டத்தில் கோவில்பட்டி நிலையமும் புதுப்பிக்கத் தேர்வானது.

இவை பெரிய முன்னேற்றங்கள். எதிர் வண்டிக்காகக் கிராசிங்கில் நிற்கும் தேவை இரட்டைப் பாதையில் நீங்கிவிட்டது. ஆனால் பின்னால் வரும் விரைவு வண்டியை முன்னே விடுவதற்காக ஒதுங்கி நிற்கும் வழக்கம், பாதை இரட்டையானதால் தானாக நீங்கிவிடாது. வந்தே பாரத்தில் மாதாந்திரச் சீட்டு செல்லாது. புதுப்பித்த நடைமேடையில் காத்திருப்பது எளிதாகலாம், அங்கு வரும் வண்டியில் இடம் கூடாது.

முன்பு ‘பாதையில் இடமில்லை’ என்பது, குறுந்தூர வண்டி விடாததற்கு ஏற்கத்தக்க காரணமாக இருந்தது. இன்று இரண்டு பாதைகளும் மின்சாரமும் உள்ளன. காலையிலும் மாலையிலும் மதுரை–திருநெல்வேலி இடையே எல்லா நிலையங்களிலும் நிற்கும் மெமு வண்டிகள், கோவில்பட்டியிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு நேர்வண்டி, தொலைதூர வண்டிகளில் கூடுதல் பொதுப்பெட்டி ஆகியவற்றுக்குத் தொழில்நுட்ப அடிப்படை இப்போது அமைந்துவிட்டது. 1876இல் பருத்திக்கும் தபாலுக்கும் போடப்பட்ட பாதையில், கரிசல் காட்டுப் பயணியின் காலை நேரத்தையும் மாலை நேரத்தையும் கணக்கில் எடுத்து ஓர் அட்டவணை எழுதுவதுதான் எஞ்சியிருக்கும் பணி.