இலவச வைத்தியமும் அரச நியமனங்களும்

அரச செலவினத்தைக் குறைக்க வேண்டும் என ஒரு சாராரும், அரச தொழில்வாய்ப்புகளை அதிகரிக்க வேண்டும் என மறு சாராரும் வாதிடுவது எமது நாட்டு அரசியலில் புதியதொரு விடயமல்ல. ஆனால் இவ்விரு வாதங்களும் வந்து சந்திக்கும் இடம் வைத்தியசாலையே என்பதை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர்.

அரச வைத்தியசாலைகளில் கட்டணம் அறவிடுவது 1951 இல் நீக்கப்பட்டது. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கியதும் வருகை குறைந்தது. 1977 இல் அக்கட்டணமும் கைவிடப்பட்டது. சிறு தொகையும் வறியவரை வாசலிலேயே தடுத்துவிடும் என்பதே அந்த அனுபவம் தந்த பாடமாகும்.

நியமனங்களைப் பொறுத்தவரை எம்மிடம் இருவகை அனுபவங்கள் உள்ளன. 1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2,000 அளவில் இருந்த தாய் மரணங்கள் இன்று 50 இற்கும் கீழே உள்ளன. பயிற்றப்பட்டுக் கிராமம் கிராமமாக நியமிக்கப்பட்ட குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. அவர்களின் சம்பளமும் அரச செலவினமே. ஆயினும் அதனை வீண்செலவு என எவரும் கூறத் துணியார்.

மற்றையது, 2020 இல் சுமார் 50,000 பட்டதாரிகள் பயிலுநர்களாக உள்வாங்கப்பட்ட அனுபவமாகும். தொழிலின்றிக் காத்திருந்த அவர்களைக் குறைகூறுவது நியாயமல்ல. ஆனால் எந்தச் சேவைக்கு எவர் தேவை என்ற கணக்கு முதலில் பார்க்கப்படவில்லை. 2022 இல் நாடு கடனைச் செலுத்த முடியாத நிலையை அடைந்தபோது புதிய ஆட்சேர்ப்புகள் கட்டுப்படுத்தப்பட்டன. வைத்தியர்களும் தாதியரும் நாட்டை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலமும் அதுவே. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின் பின்னர் ஒவ்வொரு நியமனமும் திறைசேரியின் கணக்கோடு ஒப்பிடப்படுகின்றது.

இதன் பொருள் நிந்தவூர் வாசிக்கு நன்கு விளங்கும். விவசாயமும் மீன்பிடியும் பெரும்பாலோரின் சீவனோபாயமாக உள்ள இக்கரையோரத்தில், ஊரில் ஆதார வைத்தியசாலை இருப்பது பெரும் ஆறுதலாகும். எந்தவொரு அரச வைத்தியசாலையிலும் ஆய்வுகூட உத்தியோகத்தர் இல்லையேல் இரத்தப் பரிசோதனைக்குத் தனியாரிடம் பணம் செலுத்த வேண்டும். மருந்து இல்லையேல் துண்டுச் சீட்டோடு மருந்துக் கடைக்குச் செல்ல வேண்டும். நிபுணர் இல்லையேல் கல்முனைக்கோ மட்டக்களப்புக்கோ வாகனம் பிடிக்க வேண்டும். அரசாங்கம் மிச்சம்பிடித்த பணம் இவ்வாறு நோயாளியின் சட்டைப்பையிலிருந்தே அறவிடப்படுகின்றது. நீக்கப்பட்ட 25 சதம் வேறு வடிவில் திரும்பி வருகின்றது என்றே நாம் இதனைக் கருதுகின்றோம்.

தேர்தல் காலங்களில் எமது பிரதேசத்தில் தரமுயர்த்தலும் புதிய கட்டடங்களும் வாக்குறுதியாக வழங்கப்படுகின்றன. பெயர்ப்பலகை மாறுவதால் மட்டும் நோய் குணமாகிவிடாது. தரத்துக்கேற்ற ஆளணி அனுமதிக்கப்பட்டதா, அது நிரப்பப்பட்டதா என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

தாதி ஒருவரைப் பயிற்றுவிக்க மூன்று வருடங்கள் செல்லும். ஆதலால் இன்றைய வெற்றிடத்தை நாளைய அறிவிப்பால் நிரப்பிவிட முடியாது. பொதுப்பணம் ஓர் அமானிதமாகும். அதனைச் செலவிடாது வைத்திருப்பது மாத்திரம் அதனைப் பேணுவதாகிவிடாது. உரிய இடத்தில் செலவிடுவதும் அதில் அடங்கும். தேர்தலுக்கான நியமனங்களைத் தவிர்த்து, தேவைக்கான நியமனங்களை முன்கூட்டியே திட்டமிட ஆட்சியாளர்கள் முன்வர வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.