களிப் பலபடி மின்பகுளிகளும் அகச்சிவப்பு நிறமாலையும்: ஒரு வரலாறு

லித்தியம் மின்கலத்தின் இரு மின்வாய்களுக்கும் இடையே அயனிகளைக் கடத்தும் ஊடகம் மின்பகுளி ஆகும். பொதுவாக இது, எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பானில் லித்தியம் உப்பைக் கரைத்த திரவம். கலம் சேதமடைந்தால் திரவம் கசியும், தீப்பிடிக்கவும் கூடும். அத்திரவத்தை ஒரு பலபடியின் வலைப்பின்னலுக்குள் தங்கவைத்தால் ஜெல் எனப்படும் களி கிடைக்கிறது. தயிருக்குள் நீர் தங்கியிருப்பதைப் போன்றது இது.

1973இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பீட்டர் ரைட்டும் உடன் ஆய்வாளர்களும், பாலிஎத்திலீன் ஆக்சைடு கார உலோக உப்புகளுடன் அணைவுகளை உருவாக்குவதை அறிவித்தனர். 1975இல் ஃபியூயாட், பெர்ஷ் ஆகியோர் அயனி கடத்தும் களிகளை விவரித்தனர். 1970களின் இறுதியில் பிரான்சின் மிஷேல் அர்மான் இத்தகைய பலபடிகளை மின்கலத்திற்குப் பரிந்துரைத்தார்.

அப்போது ஒரு கேள்வி எழுந்தது. உப்பைக் கூட்டக் கூட்டக் கடத்துதிறன் உயர்ந்து, ஓர் அளவுக்குமேல் குறைகிறது. ஏன்? கடத்துதிறன் அளவீடு மட்டும் இதற்கு விடை தராது.

விடை தேட உதவியது பழைய கருவி ஒன்று. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் அகச்சிவப்புக் கதிர்களைக் கண்டறிந்தார். 1905இல் அமெரிக்கரான கோப்ளென்ட்ஸ் பல சேர்மங்களின் அகச்சிவப்பு நிறமாலைகளை வெளியிட்டார். ஒவ்வொரு பிணைப்பும் தனக்குரிய அலைஎண்ணில் இக்கதிரை உட்கவர்கிறது. லித்தியம் அயனி தனி அணு. அதற்குள் அதிரக்கூடிய பிணைப்பு இல்லை. ஆகவே அதன் அண்டை மூலக்கூறுகளே சாட்சி சொல்ல வேண்டும்.

1981இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பேப்கே, ராட்னர், ஷ்ரைவர் ஆகியோர் பாலிஎத்திலீன் ஆக்சைடு அணைவுகளின் அமைப்பை அகச்சிவப்பு, ராமன் நிறமாலைகளால் ஆராய்ந்தனர். பெர்குளோரேட் உப்புகளில் தனித்த எதிரயனி ஏறத்தாழ 624 செ.மீ⁻¹ இல் பட்டை தருகிறது. லித்தியத்துடன் ஒட்டிய இணை ஏறத்தாழ 635 செ.மீ⁻¹ இல் தருகிறது. உப்பு மிகும்போது இரண்டாம் பட்டை வலுக்கிறது. நேர், எதிர் அயனிகள் இணைந்துவிட்டால் அந்த இணைக்கு நிகர மின்சுமை இல்லை. அது மின்னோட்டத்திற்கு உதவாது. கடத்துதிறன் குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். களி இறுகி அயனிகளின் நகர்வு மந்தமாவது மற்றொன்று.

பலபடி வெறும் கூடுதானா என்ற ஐயமும் இவ்வாறே ஆராயப்பட்டது. 1990களில் பெய்ஜிங்கில் லிகுவான் சென் குழுவினர் பாலிஅக்ரைலோநைட்ரைல் மின்பகுளிகளை ஆய்ந்தனர். இப்பலபடியின் நைட்ரைல் தொகுதி ஏறத்தாழ 2240 செ.மீ⁻¹ இல் தரும் பட்டை, லித்தியம் சேரும்போது உயர் அலைஎண் பக்கம் புதிய தோள் ஒன்றைப் பெறுகிறது. எத்திலீன் கார்பனேட்டின் கார்பனைல் பட்டையும் மாறுகிறது. அதாவது, லித்தியம் கரைப்பானையும் பலபடியையும் நாடுகிறது.

இவ்வரலாற்றில் காரைக்குடிக்கும் பங்கு உண்டு. அழகப்பா பல்கலைக்கழகத்திலும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திலும் இம்மின்பகுளிகள் ஆராயப்பட்டன. அந்நிறுவனத்தின் மானுவேல் ஸ்டீபன் 2006இல் இத்துறை பற்றிய விரிவான மீளாய்வுக் கட்டுரையை வெளியிட்டார்.

மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பட்டையின் இடமாற்றம் அயனி எதனுடன் சேர்ந்திருக்கிறது என்று காட்டும். எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று காட்டாது. அதனால்தான் ஆய்வாளர்கள் நிறமாலையுடன் கடத்துதிறனையும் சேர்த்தே அளக்கின்றனர்.