உதைபந்தும் ஒரு கிண்ணம் சூப்பும்



சபை இளைஞர் அணிக்கு ஜேர்சி வாங்கவும் மைதான வாடகை கட்டவும் நிதி சேர்க்கும்போது, "விளையாட்டுக்கு ஆலயத்தில் ஏன் காசு கேட்கிறீர்கள்?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில் தேடுவோருக்கு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துச் சரித்திரம் ஒன்று உதவும்.

1845க்குப் பின் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து பெரும் பஞ்சம் வந்தது. ஊரை விட்டு வந்த ஐரிஷ் மக்கள் பலர் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குடியேறினார்கள். அங்கும் வறுமை விடவில்லை. பிள்ளைகள் பசியோடு பாடசாலைக்கு வந்தார்கள். பலர் வராமலே நின்றார்கள்.

அங்கே ஒரு பாடசாலையில் தலைமை ஆசிரியராக இருந்தவர் அருட்சகோதரர் வோல்ஃபிரிட். அயர்லாந்தில் 1840இல் பிறந்த அவருடைய இயற்பெயர் அன்ட்ரூ கெரின்ஸ். பிள்ளைகளுக்காக அவர் 'ஒரு பென்னி மதிய உணவு' தொடங்கினார். வீட்டிலிருந்து பாண் கொண்டுவரும் பிள்ளைக்கு அரைப் பென்னிக்கு ஒரு பெரிய கிண்ணம் சூப். ஒன்றும் கொடுக்க முடியாத பிள்ளைக்கு இலவசம். ஆனால் சட்டியில் போடுவதற்குப் பணம் வேண்டுமே!

1887 நவம்பர் 6ஆம் திகதி, புனித மரியாள் ஆலய மண்டபத்தில் சிலர் கூடி ஓர் உதைபந்தாட்டக் கழகத்தை ஆரம்பித்தார்கள். அதுதான் செல்டிக். ஆட்டம் பார்க்க வருவோர் தரும் கட்டணம் பிள்ளைகளின் உணவுக்குப் போக வேண்டும் என்பதே எண்ணம். எடின்பரோவில் ஒரு கத்தோலிக்க ஆலயத்திலிருந்து 1875இல் எழுந்த ஹைபர்னியன் கழகம் அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது.

அணி பணம் தருவதற்கு முன், அணிக்கே பணம் வேண்டியிருந்தது. 1888 ஜனவரியில் சந்தா கேட்டு ஒரு சுற்றுமடல் அனுப்பினார்கள். மூன்று பங்குகளின் பிள்ளைகளுக்கு உணவு கொடுப்பதே கழகத்தின் முக்கிய நோக்கம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தார்கள். பேராயர் 20 சிலிங் கொடுத்தார். பிள்ளைகளே, ஒரு சிலிங்குக்கு 12 பென்னி. அப்படியானால் 20 சிலிங்கில் எத்தனை ஒரு பென்னிச் சாப்பாடு? 240!

பணம் இல்லாதவர்கள் உழைப்பைக் கொடுத்தார்கள். வேலை முடிந்து வந்த தொழிலாளர் மண் வெட்டி, நிலம் சமப்படுத்தி, ஆறு மாதத்துக்குள் மைதானம் அமைத்தார்கள். 1888 மே 28 அன்று முதல் ஆட்டம். சுமார் 2,000 பேர் முன்னிலையில் ரேஞ்சர்ஸை 5–2 என்று வென்றார்கள்.

சில ஆண்டுகளில் நிலச் சொந்தக்காரர் 50 பவுண் வாடகையை 450 பவுண் ஆக்கினார். அவர்கள் சோர்ந்துபோகவில்லை. அருகில் இருந்த பழைய செங்கற் சூளைக் குழியை மண் போட்டு நிரப்பி, 1892இல் புதிய மைதானத்துக்குப் போனார்கள். இன்றும் செல்டிக் விளையாடுவது அந்த இடத்தில்தான்.

சரித்திரத்தின் மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே 1892இல் வோல்ஃபிரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். கழகம் வளர, ஆட்டக்காரர் சம்பளமும் மைதானச் செலவும் கூடின. பல கூட்டங்களில் வாக்குவாதம் நடந்து, 1897இல் கழகம் பங்குதாரர்களின் கம்பனியாக மாறியது. வெற்றிகள் தொடர்ந்தன, ஆனால் பிள்ளைகளின் சாப்பாடு முதலிடத்தில் இருக்கவில்லை. வோல்ஃபிரிட்டோ லண்டனின் ஏழைத் தெருக்களில் காலணி இல்லாத சிறுவர்களுக்கு மறுபடியும் உதைபந்தாட்டப் போட்டிகள் நடத்தினார். 1915இல் காலமான அவருக்கு 2005இல் செல்டிக் மைதானத்தின் முன் சிலை வைத்தார்கள்.

இந்தச் சரித்திரம் நமக்கும் பொருந்தும். விளையாட்டுக்கு நிதி சேர்ப்பது தவறல்ல. யாருக்காகச் சேர்த்தோம் என்பதை மறப்பதுதான் தவறு. ஆகவே நம் இளைஞர் அணியின் கணக்குப் புத்தகத்தில் முதல் வரியாக அதன் நோக்கத்தை எழுதி வைப்போம். ஆண்டுக் கூட்டம்தோறும் வரவு செலவுக்கு முன் அந்த வரியை வாசிப்போம். சந்தா கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் அணியில் இடம் கொடுப்போம்.

பிள்ளைகளே, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் சிறு காசையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக!